கவின் டவுனுக்குப் போன புதன்கிழமை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் சிஸ்டர்களே, ஊசி எப்படிப் போடுவது என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. அதைப் பயிற்சியில் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். எனக்குப் பெயர்கூடத் தெரியாத செயலிகள் எல்லாம் உங்கள் போனில் இருக்கின்றன. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் கிராம நர்சைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தால் அவள் கதைதான் சொல்வாள். மத்தியானச் சாப்பாடு வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை என்றால் நமக்குத் தடுப்பூசி நாள். காலையில் மருந்துப் பெட்டி வந்ததிலிருந்து தலைக்கு மேல் வேலை. பிள்ளை பெற்ற பெண்களுக்கு அந்த நாள் வேறு மாதிரி. பிரசவம் முடிந்து மாதக்கணக்கில் வீட்டுக்குள் கிடந்தவளுக்கு, யாரிடமும் காரணம் சொல்லாமல் வாசலைத் தாண்டக் கிடைக்கும் நாள் அது. பிள்ளைக்கு ஊசி என்றால் எந்த வீட்டிலும் மறுபேச்சு கிடையாது. அதனால்தான் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வருவார்கள். “ஊசி போடத்தானே வந்தே, கல்யாணத்துக்கா வந்தே?” என்று நக்கல் அடித்த சிஸ்டர்களை எனக்குத் தெரியும். நீங்கள் அடிக்காதீர்கள். அவளுக்கு அது கல்யாணம் மாதிரிதான்.

நந்தினி அப்படித்தான் வந்தாள். நான் ஓய்வு பெறக் கொஞ்ச மாதங்கள் இருந்த சமயம். வேடசந்தூர் ரோட்டில் இருந்தது எங்கள் துணை சுகாதார நிலையம். மாம்பழக் கலரில் சேலை, கண்ணுக்கு மை, கையில் புது வளையல். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண். தலைப்பிரசவம் தாய்வீட்டில் முடிந்து, பிள்ளையோடு புருஷன் வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம் போல இருக்கும். புருஷன் மணிகண்டன் நூல் மில்லில் வேலை பார்ப்பவன். அன்றைக்கு மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, தேய்த்த சட்டையோடு வேப்ப மரத்தடியில் நின்றிருந்தான். கூடவே மாமியார் பஞ்சவர்ணம். ஊரில் எல்லோரும் அறிந்த பெண்மணி. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பறிக்கிற மல்லிகைப்பூ முழுவதும் அவள் வீட்டுக்கு வந்து, எடை போட்டு, அங்கிருந்துதான் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போகும்.

நந்தினி உள்ளே வந்ததும் பிள்ளையைக் காட்டவில்லை. என் காதருகே குனிந்து கேட்டாள்.

“ஏனுங்க சிஸ்டர், ஊசி போட்டதுக்கப்புறம் பிள்ளைய டவுனுக்குக் கூட்டிட்டுப் போலாமுங்களா?”

“எதுக்கும்மா?”

“சும்மாதானுங்க. ஒரு போட்டோ எடுக்கலாமுன்னு. அப்புறம்…” மாமியார் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலை இன்னும் இறக்கினாள். “பிரியாணி சாப்புட்டு வருசம் ஒண்ணாச்சுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மசக்கையில் வாசனையே பிடிக்காமல் போய், பிறகு பத்தியம் என்று பூண்டும் கருவாடுமாகத் தின்று நாக்குச் செத்துப்போன பெண். பிரியாணிக்குப் பேர்போன ஊர் ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. ஆசைப்படமாட்டாளா? எடை போட்டு, ஊசி போட்டு, அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு அனுப்புகிறேன் என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிள்ளை பெயர் கவின். மூன்றரை மாத ஊசிக்கு வந்திருந்தான். அவனைப் பார்த்தால் ஊர்த் திருவிழாவுக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தது. கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு, உள்ளங்காலில் ஒன்று. இடுப்பில் வெள்ளி அரைஞாண், காலில் முத்துப் போட்ட தண்டை, இரண்டு கையிலும் காப்பு. அதற்கு மேல் ஜிகினா வைத்த சட்டை, தொப்பி.

“அம்புட்டும் தாய்மாமன்க போட்டது நர்சம்மா,” என்றாள் பஞ்சவர்ணம். வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். “மூணு மாமன்ல. ஒருத்தன் அரைஞாண் போட்டா இன்னொருத்தன் சும்மா இருப்பானா? மூத்தவன் போன தடவ ஊசிக்கு முன்ன வந்து போட்டான். மத்த ரெண்டு பேரும் அதுக்குப் பெறகு வந்து தண்டையும் காப்பும் மாட்டிட்டுப் போனாய்ங்க.”

எடை மிஷினில் பிள்ளையைக் கிடத்தினோம். கூட இருந்த அங்கன்வாடி டீச்சர் எண்ணைப் பார்த்துச் சொன்னார். போன தடவையைவிட நன்றாகவே கூடியிருந்தது. பஞ்சவர்ணத்துக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தீகளா, எங்க வீட்டுக்கு வந்த பெறகு பிள்ள ஏறிருச்சு,” என்று பின்னால் நின்றவளிடம் சொன்னாள். நந்தினி ஜன்னல் வழியாகப் புருஷனைப் பார்த்து, எல்லாம் சரி என்று தலையை ஆட்டினாள். அவனும் அங்கிருந்து சிரித்தான்.

ஊசி போடுவதற்காக நான் பிள்ளையின் காலைப் பிடித்தேன். தண்டை சரிந்து குதிகால்வரை வந்தது.

தங்கங்களே, இங்கே கொஞ்சம் கவனியுங்கள். வளர்கிற பிள்ளைக்குப் போட்ட தண்டை நாளாக நாளாக இறுகும். அடுத்த மாதம் கழற்றுவதற்கே எண்ணெய் போட வேண்டியிருக்கும். பிள்ளைக் காலின் அளவு பார்த்துப் போட்ட தண்டை வழுவழுவென்று கழன்று வந்தால் அது சரியில்லை. கையைப் பார்த்தேன், காப்பும் அப்படியே. சட்டையைத் தூக்கித் தொடையைப் பார்த்தேன். அந்த வயதில் தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை இருக்க வேண்டும். இவனுக்குத் தோல்தான் சுருங்கியிருந்தது.

“பிள்ளையை இன்னொரு தடவை எடை போடணும். துணி, நகை எல்லாம் கழட்டிட்டு.”

பஞ்சவர்ணம் சட்டென்று முன்னால் வந்தாள். “அதெல்லாம் ஆகாது நர்சம்மா. அரைஞாணக் கழட்டி ஆம்பளப் பிள்ள இடுப்ப வெறுமையா விடப்படாது. போன தடவ நீங்க இல்லாதப்ப வந்த சிஸ்டரும் இதையேதான் கேட்டுச்சு. நான் விடலையே.”

போன தடவை நான் பயிற்சிக்குப் போயிருந்தேன். பக்கத்து ஊர் சிஸ்டர் வந்து பார்த்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வரிசை வாசல்வரை நிற்கும்போது ஒரு மாமியாரோடு மல்லுக்கட்ட யாருக்கு நேரம் இருக்கிறது? ஆனால் அன்றே அரைஞாணோடு சேர்த்துத்தான் எடை போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்த இடத்தில் “இதெல்லாம் மூடநம்பிக்கை” என்று நீங்கள் ஆரம்பித்தால் காரியம் கெட்டது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், அடுத்த ஊசிக்கு வரமாட்டாள். என் பையில் எப்போதும் கறுப்புக் கயிறு ஒரு உருண்டை வைத்திருப்பேன். சர்க்கார் கொடுக்கிற சாமான்களில் அது கிடையாது, நாமே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதில் ஒரு முழம் வெட்டிப் பஞ்சவர்ணம் கையிலேயே கொடுத்தேன்.

“நீயே முதல்ல இதக் கட்டு. அப்புறம் வெள்ளியக் கழட்டு. இடுப்பு ஒரு நிமிசம்கூட வெறுமையா இருக்காது.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கட்டினாள். பூக் கட்டிப் பழகிய விரல், முடிச்சு அழகாக விழுந்தது. அரைஞாண், தண்டை, காப்பு, ஜிகினாச் சட்டை என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் வைத்தோம். கறுப்புக் கயிறு மட்டும் கட்டிய கவின் மிஷினில் கிடந்து கையைக் காலை ஆட்டினான். எண் வந்தது. டீச்சர் வாயைத் திறக்கப் போனார். நான் அவர் கையைத் தொட்டு நிறுத்தினேன்.

தாய்வீட்டில் இருந்தபோது போட்ட எடை பிள்ளையின் அட்டையில் இருந்தது. அதற்குப் பிறகு பிள்ளை ஏறியிருக்கிறான் என்று சொல்லவே முடியாது. ஏறியது மாமன்மார் வெள்ளி.

அந்த ஒரு நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது நான் வாயைத் திறந்தால் என்னென்ன நடக்கும் என்று கண்முன்னே தெரிந்தது. பால் பத்தவில்லை என்பார்கள். டப்பாப் பால் வரும். டப்பா வந்த வீட்டில் தாய்ப்பால் தானாகக் குறைந்து நின்றுபோகும். இந்தப் பெண்ணுக்குப் பால் இல்லை என்கிற பேச்சு ஊர் முழுக்கப் போகும். அதைச் சொல்லாமல் மறைத்தாலோ, பிள்ளைக்கு ஏதாவது நோய் இருந்தால் அது வளர்ந்துகொண்டே போகும். நந்தினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. சற்று முன் மலர்ந்த முகம் அப்படியே வாடிவிட்டது.

எடை குறைவு என்பதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும். போட்டேன். பிறகு மூன்று பேரையும் பின்பக்கம் இருந்த சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

“பிள்ளை எடை ஏறல,” என்றேன். சுற்றி வளைக்கவில்லை. “எதனாலன்னு எனக்கு இப்பத் தெரியல. நோவு ஏதும் இருக்கான்னு டவுன்ல பெரிய ஆஸ்பத்திரில பிள்ளைங்க டாக்டர் ஒரு தடவ பாத்துரட்டும்.”

நான் பயந்த மாதிரியே பஞ்சவர்ணம் ஆரம்பித்தாள். “இதுல டாக்டர் பாக்க என்னத்த இருக்கு? பால் பத்தல, அம்புட்டுத்தான். நான் அப்பவே சொன்னேன். போட்டோவும் வேணாம் ஒண்ணும் வேணாம், வீட்டுக்கு நடங்க. ஏலே மணி, ஒரு டப்பாப் பாலு வாங்கிட்டு வா.”

நந்தினி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். மை கரைந்து கன்னத்தில் வழிந்தது.

“பஞ்சவர்ணம், டவுனுக்கு வேணாம்னு நீ சொல்ல முடியாது. போயே ஆகணும்னு நான் சொல்றேன்,” என்றேன். “இவங்க ரெண்டு பேரும் போகட்டும். உனக்கு வீட்ல பூ வந்து குவிஞ்சு கிடக்கும், நீ போய் அதப் பாரு. டாக்டர் பாத்து முடிக்கிற வரைக்கும் யாரும் டப்பா வாங்கக் கூடாது. வெறும் வயித்தோட அலையாதீங்க, அவளுக்கு நல்லாச் சாப்பாடு வாங்கிக் குடு. பிரியாணியே வாங்கிக் குடு.”

கடைசியில் சொன்னது மணிகண்டனுக்கு. அவன் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். டாக்டரிடம் காட்டச் சொன்னதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை. காட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெண் ஆசைப்பட்ட பயணத்தையும் அதோடு சேர்த்துக் காப்பாற்றிவிட்டேன் என்பது நிஜம். டாக்டருக்கு எழுதிக் கொடுத்த ஒரே சீட்டில் இரண்டு காரியம். அரை மணி நேரம் உட்கார்ந்து பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகு பஸ் ஏறினார்கள். சாயங்காலம் காய்ச்சல் வரலாம், அதற்குள் வீடு திரும்ப வேண்டும், டாக்டர் பார்த்ததும் எனக்கு ஒரு போன் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. நெஞ்சுக்குள் ஏதாவது கோளாறாக இருக்குமோ, வேறு ஏதாவதோ என்று யோசித்துக்கொண்டே மற்ற பிள்ளைகளுக்கு ஊசி போட்டேன். வேலை முடிந்து டிபன் பாக்ஸைத் திறக்கும்போது போன் வந்தது. மணிகண்டன்தான்.

“சிஸ்டர், டாக்டர் நல்லாப் பாத்தாரு. நோவு ஒண்ணும் இல்லேன்னுட்டாரு. பால் வயிறு நெறையக் குடிக்கல, நல்லாக் குடிக்க வைங்கன்னு சொன்னாரு. இப்ப பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், எதுக்கவே மெடிக்கல் ஷாப்பு. அம்மா வேற போன் மேல போன் போடுது. டப்பா வாங்கிரவா?”

“நந்தினி எங்க?”

“இங்க தாய்மாருக பால் குடுக்குற ரூம்பு ஒண்ணு இருக்குல்ல சிஸ்டர், அதுக்குள்ள போச்சு. போயி ரொம்ப நேரமாச்சு, இன்னும் வெளிய வரல… இருங்க, வந்துருச்சு.” அப்புறம் அவன் குரலே மாறியது. “சிஸ்டர்! பிள்ள கையி காலெல்லாம் தொவண்டு கெடக்குது சிஸ்டர்! கூப்புட்டா முழிக்க மாட்டேங்குறான்! ஊசி போட்டதுனாலயா?”

ஊசி போட்ட பிள்ளை, எடை இல்லாத பிள்ளை, வெயிலில் அலைந்த பிள்ளை. அந்த நேரத்தில் நாம் கத்தினால் அந்தப் பக்கம் இருப்பவன் நம்மைவிடப் பத்து மடங்கு கத்துவான். ஒரு மூச்சை நன்றாக இழுத்து விட்டுவிட்டு, சோறு வெந்ததா என்று கேட்கிற குரலில் கேட்டேன்.

“உதடு என்ன கலர்ல இருக்கு?”

“செவப்பாத்தான் இருக்கு.”

“நெஞ்சு ஏறி எறங்குதா?”

“எறங்குது… எறங்குது சிஸ்டர்.”

“சரி. போனை நந்தினிகிட்டக் குடு.”

போன் கை மாறியது. பின்னால் பஸ் ஹாரன், மதுரை மதுரை என்று ஒருவர் கூவுகிற சத்தம். நந்தினி பேசினாள். அவள் குரலில் பதற்றமே இல்லை.

“அவருக்குப் பயமுங்க சிஸ்டர். பிள்ள தூங்கறானுங்க.”

“உள்ளங்காலச் சுண்டிப் பாரு.”

“சுண்டினேனுங்க. கால இழுத்துக்கிட்டு மூஞ்சியச் சுளிச்சான். மறுக்காத் தூங்கிட்டானுங்க. வாயோரம் பால் வழியுது.” என்றாள். “இவன் இப்படித் தூங்கி நான் பாத்ததே இல்லீங்க.”

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதோடு போனை வைத்திருக்கலாம். வைக்க மனம் வரவில்லை, ஏனோ இன்னொரு கேள்வி கேட்டேன்.

“எம்புட்டு நேரம் குடிச்சான்?”

“தெரியலீங்க. நான் எடுக்கலீங்க. ஒரு பக்கம் முடிச்சு இன்னொரு பக்கமும் குடிச்சு, அவனாத்தான் வாய எடுத்தான்.”

“வீட்ல?”

பிள்ளையைத் தோள் மாற்றுகிற வளையல் சத்தம் கேட்டது.

“வீட்ல யாரும்மா எடுப்பா?”

“நாந்தானுங்க எடுப்பேன். யாராச்சும் வந்துட்டே இருப்பாங்க. பூ போட வருவாங்க, எடை போட வருவாங்க. முந்தானைய இழுத்து மூடிட்டு உக்காந்தாலும், பிள்ளைய இங்க குடு தாயின்னு வாங்கிக்குவாங்க. எல்லாரும் பிரியமாத்தானுங்க கேக்கறாங்க. குடுக்காம எப்படிங்க இருக்கறது?” அதோடு இதையும் சொன்னாள். “இங்க கதவு இருக்குதுங்க சிஸ்டர்.”

பாருங்கள், அந்தப் பிள்ளைக்கு வந்த வியாதி அதுதான். பால் பத்தாமல் இல்லை. ஆள் ஆளுக்கு மடியில் வைத்துக் கொஞ்சியே பட்டினி போட்டிருக்கிறார்கள். இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. சத்துக்குறைவா, சளியா, வயிற்றுப்போக்கா என்றுதான் என் புத்தி போய்க்கொண்டிருந்தது. ஒரு கதவு இல்லாததால் பிள்ளை மெலியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“டப்பா வேணாம்னு உன் வீட்டுக்காரன்கிட்டச் சொல்லு. இப்பப் போய்ச் சாப்புடு. போட்டோ எடுத்துட்டு வா. பஸ் ஏறுறதுக்கு முன்ன திரும்ப அந்த ரூம்புக்குப் போயிட்டு வா,” என்றேன். அவள் சிரித்தது எனக்குக் கேட்டது. அந்தப் போட்டோவை அப்புறம் பார்த்தேன். புருஷனும் பெண்டாட்டியும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். பிள்ளை வாயைப் பிளந்து தூங்குகிறான். எழுப்பிப் பார்த்திருக்கிறார்கள், அவன் அசையவில்லையாம்.

இனிமேல்தான் கஷ்டமான வேலை. அவர்கள் திரும்பி வருவதற்குள் நான் பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போனேன். முன்கூடம் முழுக்கச் சாக்கு விரித்து மல்லிகை மொட்டு குவிந்திருந்தது. சுற்றி ஏழெட்டுப் பேர். உள்ளே போகிறவர், வெளியே வருகிறவர், தண்ணீர் கேட்பவர், தராசை எட்டிப் பார்ப்பவர். நந்தினி படுக்கும் இடம் கூடத்தை ஒட்டி இருந்தது, நிலைக்குக் கதவு இல்லை. ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வீட்டில் கதவு போட்ட அறை ஒன்றே ஒன்றுதான். வடக்குப் பார்த்த அறை, சில்லென்று இருந்தது. அதற்குள் மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய பூக்கூடைகள் அடுக்கியிருந்தன.

“அங்கதான் வெக்கை ஏறாது நர்சம்மா. வெளிய வச்சா பூ வாடிரும்ல,” என்றாள் பஞ்சவர்ணம்.

நந்தினி என்னிடம் போனில் சொன்னதை நான் ஒரு வார்த்தைகூட அவளிடம் சொல்லவில்லை. சிஸ்டர்களே, இதை மட்டும் மறக்காதீர்கள். நம்மிடம் ஒரு பெண் மனம் விட்டுச் சொன்னதை அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தால், அன்றைக்குச் சாயங்காலம் அந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறவள் அவள்தான். நாம் இல்லை. அதனால் எல்லாவற்றையும் என் தலையில் போட்டுக்கொண்டேன்.

“டாக்டர் பாத்துட்டாரு, நோவு எதுவும் இல்ல. இனி நான் சொல்றதுதான் மருந்து,” என்றேன். “பிள்ளை பால் குடிக்கும்போது ஒரு ஆள் பக்கத்துல போகக் கூடாது. அந்த வடக்கு ரூம்பு அவளுக்கு வேணும். பிள்ளையா வாய எடுக்குற வரைக்கும் கதவு சாத்தியே இருக்கணும்.”

“அப்பப் பூவு?”

“ஈரச் சாக்குப் போட்டு வெளிய மூடி வை. நீ வைக்காத பூவா?”

அவள் முகம் சிவந்துவிட்டது. “என் வீட்ல பிள்ள பட்டினி கெடந்துச்சுன்னு சொல்றீகளா? இத்தன பேரு தூக்கி வச்சுக் கொஞ்சுறாக. கீழ விட்டது கெடையாது பிள்ளைய.”

“அதத்தான் சொல்றேன் பஞ்சவர்ணம். கொஞ்சம் கீழ விடுங்க.”

கூடத்தில் இருந்தவர்கள் பூவைக் கிள்ளுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று பட்டிருக்கும். தனியாகக் கூப்பிட்டுத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் அந்த வீட்டில் தனியாகப் பேசவும் இடம் இல்லை. அவள் எழுந்து தராசுப் பக்கம் போய்விட்டாள். வழக்கமாக அந்த வீட்டில் டீ குடிக்காமல் என்னை அனுப்பமாட்டார்கள். அன்றைக்கு வா என்று சொன்னவர்கள் உண்டு, போய்ட்டு வா என்று சொல்ல ஆள் இல்லை. நான் சொன்னதை அவள் கேட்பாளா, டப்பாவை வாங்கிவிடுவாளா என்று தெரியாமலே வீடு வந்து சேர்ந்தேன்.

பின்னால் போய்க் கேட்டு நச்சரிக்கவும் முடியாது. சொன்னதைச் செரித்துக்கொள்ள ஆளுக்குக் கொஞ்ச நாள் தேவைப்படும், பஞ்சவர்ணம் மாதிரி ஆளுக்கு இன்னும் கொஞ்சம் கூட. நந்தினியிடமிருந்தும் போன் இல்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எடை மிஷினைத் தூக்கிக்கொண்டு ஒரு காலையில் கிளம்பிப் போனேன்.

கூடத்தில் அதே கூட்டம், அதே சத்தம். கூடைகள் சுவரோரம் இருந்தன, மேலே ஈரச் சாக்கு. வடக்கு அறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் பஞ்சவர்ணம் சப்பணம் போட்டு உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். பூ போட வந்த ஒரு பெண் பிள்ளையைப் பார்க்கக் கதவருகே போனாள். பஞ்சவர்ணம் நிமிர்ந்தே பார்க்காமல் கையை மட்டும் நீட்டி அவளைத் தடுத்தாள். அந்தப் பெண் திரும்பிவிட்டாள். இது பல நாளாக நடக்கிற விஷயம் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

“வாங்க நர்சம்மா,” என்றாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று அந்தக் குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் மிஷினோடு நேராகக் கதவைப் பார்த்து நடந்தேன். நாம் போனால் எந்த வீட்டிலும் எந்த அறைக்குள்ளும் விடுவார்கள், அந்தப் பழக்கம்தான். கதவில் கை வைக்கப் போனேன்.

“ஏங்க, நீங்களும்தான்,” என்று என் சேலையைப் பிடித்து இழுத்தாள் பஞ்சவர்ணம். “பிள்ள பால் குடிக்குது. செத்த நேரம் இப்படி உக்காருங்க.”

“நான் பிள்ளையை எடை போடத்தானே வந்தேன்?”

“எடை எங்க போயிரும்? குடிச்சு முடிச்சு அவனா விட்டா நந்தினியே கதவத் தொறக்கும். அதுவரைக்கும் நர்சு வந்தாலும் கலெக்டரு வந்தாலும் வெளியதான்.” பிறகு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “அம்மாடி, நீ மெதுவாக் குடு. அவசரமில்ல.”

இத்தனை வருட வேலையில் என்னைப் பல வீடுகளில் வாசலிலேயே நிறுத்தி அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வயிறெரிந்துதான் திரும்பியிருக்கிறேன். அன்றைக்கு நான் மிஷினைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கதவுக்கு வெளியே பஞ்சவர்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். டீ வந்தது. எனக்கு எந்த அவசரமும் இல்லை.